பகிர்கோப்புக் கூட்டுப்பணி

பகிர்கோப்புக் கூட்டுப்பணி என்பது ஒரே கணினிக் கோப்பில் ஒன்றுக்கு மேற்பட்டோர், தத்தம் கணினிகளில் இருந்தவாறே பணியாற்றுவதைக் குறிக்கும். கட்டட வரைபடம், அழைப்பிதழ் வடிவமைப்பு, மதிப்பீட்டுப் பட்டியல், அலுவலக ஆவணம் முதலியவற்றை உருவாக்கும் மென்பொருள்கள் பலவும் இதற்கு இடமளிக்கின்றன. எனினும் நடைமுறையில் கோப்பு திறக்க மறுத்தல், ஒருவர் செய்த திருத்தம் மற்றவருக்குத் தெரியாமற் போதல், மாலையில் சேமித்த வேலை மறுநாட் காலையில் காணாமற் போதல் ஆகிய கோளாறுகள் அடிக்கடி ஏற்படுகின்றன. இக்கட்டுரை வரைவு அலுவலகங்களில் ஏற்படும் இத்தகைய கோளாறுகளின் காரணங்களையும், அவற்றைக் கண்டறியும் முறைகளையும் விளக்குகின்றது.

விளக்கத்தின் பொருட்டு, தென்காசி நகரில் அலுவலகமும், அதற்கு அண்மையிலுள்ள குற்றாலத்தில் சிறு கிளையும் கொண்ட ஒரு கட்டட வரைவு நிறுவனம் இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது. நிறுவனம் கற்பனையானது. அதில் நிகழ்வதாகச் சொல்லப்படுபவை எந்த ஊரிலும் நிகழ்பவை.

எடுத்துக்காட்டு

ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்றால் குற்றாலத்தில் சூன் முதல் செப்டம்பர் வரை சாரல் காலம் நிலவும். அருவிகளில் நீராட மக்கள் திரளும் காலம் இதுவே. ஆதலால் தங்கும் விடுதிகளைப் பழுதுபார்ப்பதும் விரிவாக்குவதும் அதற்கு முன்னரே முடிந்தாக வேண்டும். அத்தகைய விடுதி ஒன்றின் வரைபடத்தில் இருவர் பணியாற்றுவதாகக் கொள்வோம். தென்காசியில் உள்ள வரைவாளர் படிக்கட்டின் அகலத்தைக் கூட்டுகின்றார். குற்றாலத்தில் உள்ள பொறியாளர் அதே காலையில், அதே கோப்பில், படிக்கட்டை ஒட்டிய தூணை நகர்த்துகின்றார். இடையில் மின்சாரம் நின்று இணைய இணைப்பு அறுபடுகின்றது. இருவரும் தத்தம் கணினியில் வேலையைத் தொடர்ந்து சேமிக்கின்றனர். மாலையில் இணைப்பு திரும்புகின்றது. எந்த எச்சரிக்கையும் திரையில் தோன்றவில்லை.

மறுநாள் அச்சிடப்பட்டுக் கொத்தனாரிடம் போகும் தாளில் படிக்கட்டு அகலமாக உள்ளது. தூண் பழைய இடத்திலேயே உள்ளது. அல்லது தூண் நகர்ந்துள்ளது. படிக்கட்டு பழைய அளவில் உள்ளது. இரண்டில் எது என்பது எந்தக் கணினி கடைசியாக இணைப்பைப் பெற்றது என்பதைப் பொறுத்தது. கான்கிரீட் இறுகிய பின்னர் கோப்பைத் திருத்துவதாற் பயன் இல்லை. கோப்பு திறக்க மறுத்தால் வேலை நிற்கும், அவ்வளவே. ஓசையின்றி ஒருவர் வேலையின் மேல் மற்றவர் வேலை எழுதப்படுவதே உண்மையான இழப்பு. கீழே கூறப்படும் முறைகள் யாவும் இந்த இரண்டாவது வகைக் கோளாற்றை முதல் வகையாக மாற்றும் முயற்சிகள் எனலாம்.

வரலாறு

தொலைவில் இருக்கும் இருவர் ஒரே திரையில் ஒரே உரையைத் தொகுக்க இயலும் என்பதை டக்ளசு எங்கெல்பர்ட்டு 1968 திசம்பர் 9 அன்று சான் பிரான்சிசுகோவில் செய்து காட்டினார். ஆனால் அலுவலகங்களுக்கு முதலில் வந்து சேர்ந்தது அவ்வளவு நேர்த்தியான முறை அன்று. 1980களில் பரவிய வலையமைப்புக் கோப்புப் பகிர்வே முதலில் வந்தது. சன் நிறுவனத்தின் என்.எஃப்.எசு., பின்னாளில் விண்டோசின் பொதுவழியாக அமைந்த எசு.எம்.பி. ஆகிய நெறிமுறைகள் அக்காலத்தவை. 1989 இல் எல்லிசு, கிப்சு ஆகியோர் செயல் உருமாற்றம் என்னும் கருத்தை வெளியிட்டனர். ஒரே நேரத்தில் பலர் தொகுப்பதற்கு வழி செய்த இக்கருத்து, இணைய உலாவியில் இயங்கும் எழுது மென்பொருள்களின் வழியாகப் பிற்காலத்திலேயே பொதுமக்களை எட்டியது. பின்னர் கூகுள் டாக்சு ஆக மாறிய ரைட்லி 2005 இல் வெளிவந்தது.

சோகோ ரைட்டரும் அதே ஆண்டில் வெளிவந்ததே. 1996 இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி 2009 இல் சோகோ எனப் பெயர் மாற்றம் பெற்ற அந்நிறுவனம், 2010களின் தொடக்கத்தில் தென்காசிக்கு அருகில் மத்தளம்பாறையில் அலுவலகம் அமைத்தது. சோகோ டெசுக் என்னும் வாடிக்கையாளர் சேவை மென்பொருள் அங்கு உருவாக்கப்பட்டது. தென்காசி தனி மாவட்டமானது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 2019 நவம்பரில். தொலைவில் உள்ளோர் ஒரே பொருளின் மீது வேலை செய்வது என்பது இவ்வட்டாரத்திற்குப் புதிய செய்தி அன்று என்பதற்காகவே இது இங்கு குறிக்கப்படுகின்றது.

மூன்று அடிப்படை முறைகள்

முதலாவது பூட்டு முறை. ஒருவர் கோப்பைத் திறந்தவுடன் அது மற்றவருக்குப் பூட்டப்படும். மற்றவர் படிக்கலாம், எழுத இயலாது. ஆட்டோகேட், வேர்டு, லிப்ரே ஆபிசு முதலியவை வழங்கியில் உள்ள கோப்பைத் திறக்கும்போது இம்முறையையே கையாளுகின்றன.

இரண்டாவது படியெடுத்து இணைக்கும் முறை. ஒவ்வொருவரும் தம் கணினியில் ஒரு படியை வைத்துக்கொண்டு வேலை செய்வர். பின்னர் படிகள் ஒப்பிட்டு இணைக்கப்படும். மென்பொருள் நிரல் போன்ற வெற்றுரைக் கோப்புகளுக்கு இம்முறை நன்கு பொருந்தும். வரி வரியாக ஒப்பிட இயல்வதே காரணம். வரைபடக் கோப்பு அத்தகையது அன்று. அதில் ஒரு கோடு வேறொரு அடுக்கையும், ஓர் அளவுக் குறி வேறொரு கோட்டையும் சுட்டி நிற்கும். இரு வரைபடங்களின் இருமத் தரவைக் கண்மூடித்தனமாகக் கலந்தால் கிடைப்பது வரைபடமாக இராது.

மூன்றாவது செயல்களைப் பகிரும் முறை. இதில் கோப்பு அனுப்பப்படுவதில்லை. "இந்த இடத்தில் இந்த எழுத்தைச் சேர்", "இந்தப் பொருளின் நிறத்தை மாற்று" என்ற செயல்கள் மட்டுமே உடனுக்குடன் வழங்கிக்கு அனுப்பப்படும். "படியின் அகலம் 3 அடி" என்ற வரியில் ஒருவர் முதற்சொல்லை நீக்குகின்றார், அதே நொடியில் மற்றவர் 3 ஐ 4 ஆக்குகின்றார் எனக் கொண்டால், சொல் நீங்கியதால் 3 இருந்த இடம் முன்னகர்ந்துவிட்டது. அந்த நகர்வைக் கணக்கிட்டு இரண்டாவது செயலின் இட எண்ணைத் திருத்துவதே எல்லிசு, கிப்சு ஆகியோரின் செயல் உருமாற்றம். 2016 இல் பொதுப் பயன்பாட்டிற்கு வந்த பிக்மா என்னும் வடிவமைப்பு மென்பொருளும் செயல்களைப் பகிரும் வகையையே சேர்ந்தது. எனினும் அது எளிய விதி ஒன்றைக் கொண்டுள்ளது. ஒரு பொருளின் ஒரு பண்பை இருவர் மாற்றினால், வழங்கிக்குக் கடைசியாக வந்த மதிப்பே நிற்கும்.

மூன்றாவது முறையே சிறந்தது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. கோப்பு சிதையாமல் இருப்பதைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் ஒருவர் 4 அடி என்றும் மற்றவர் மூன்றரை அடி என்றும் எழுதினால் எது சரி என்பதை எந்தக் கணிதமும் கூறாது.

முறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைதல்

நம்பகமற்ற கூட்டுப்பணிக்குப் பெரும்பாலும் காரணமாவது மேற்கண்ட முறைகளுள் ஒன்றின் குறைபாடு அன்று. இரு முறைகள் ஒரே கோப்பின் மீது, ஒன்றை ஒன்று அறியாமல் இயங்குவதே காரணம்.

எடுத்துக்காட்டில் கண்ட நிறுவனம் தன் வரைபடங்களை டிராப்பாக்சு, ஒன்டிரைவு போன்ற ஒத்திசைவுக் கோப்புறையில் வைத்திருந்தது எனக் கொள்வோம். வரைவு மென்பொருள் பூட்டு முறையை நம்புகின்றது. ஒத்திசைவுச் சேவையோ படியெடுக்கும் முறையில் இயங்குகின்றது. தென்காசியில் உள்ள படி பூட்டப்பட்டிருப்பது குற்றாலத்தில் உள்ள படிக்குத் தெரியாது. அது வேறொரு வன்தட்டில் உள்ள வேறொரு கோப்பு. ஆகவே இருவருக்கும் கோப்பு எழுதத்தக்கதாகவே திறக்கும். பின்னர் முரண்பாட்டைக் கண்டறிந்தால் சேவை இரண்டாவது படியை, பெயரின் இறுதியில் கணினியின் பெயரையோ பயனரின் பெயரையோ சேர்த்து, தனிக் கோப்பாக அதே கோப்புறையில் இடும். அதாவது குற்றாலத்துத் திருத்தம் அழியவில்லை. யாரும் திறந்து பாராத ஒரு கோப்பினுள் இருக்கின்றது. "வேலை காணாமற் போயிற்று" என்ற முறைப்பாடு எழும்போது முதலில் தேட வேண்டிய இடம் இதுவே.

இதே கோப்புறையில் வேறொரு மயக்கமும் உண்டு. வட்டில் இடத்தைச் சேமிக்கும் பொருட்டு, இச்சேவைகள் கோப்பின் பெயரை மட்டும் கணினியில் காட்டி, உள்ளடக்கத்தைத் தேவைப்படும்போது பதிவிறக்கும். ஒரு வரைபடம் பிற வரைபடங்களை வெளிச்சுட்டாக (எக்சுரெஃப்) இணைத்திருக்குமாயின், இணைப்பு இல்லாத வேளையில் தாய் வரைபடம் திறக்கும், சுட்டப்பட்டவை திறவா. வெளிச்சுட்டின் பாதை முழுப்பாதையாக, வட்டின் எழுத்தையும் பயனர் பெயரையும் உள்ளடக்கியதாக அமைந்திருப்பின் இணைப்பு இருந்தாலும் அடுத்தவர் கணினியில் திறவாது. தாய்க் கோப்பிலிருந்து கணக்கிடப்படும் சார்புப் பாதையே பகிர்வுக்கு ஏற்றது.

எஞ்சி நிற்கும் பூட்டு

கோப்பு வழங்கியில் இருக்கும்போது எழும் முறைப்பாடு இதற்கு நேர்மாறானது: யாருமே திறக்கவில்லை, ஆயினும் "பயன்பாட்டில் உள்ளது" என்று கணினி கூறும்.

ஆட்டோகேட் ஒரு வரைபடத்தைத் திறக்கும்போது அதே கோப்புறையில் டி.டபிள்யூ.எல்., டி.டபிள்யூ.எல்.2 என்ற நீட்சிகளைக் கொண்ட இரு சிறு கோப்புகளை உருவாக்கும். திறந்தவர், அவரது கணினி, நேரம் ஆகியவை அவற்றில் பதிவாகும். வேர்டு, அலைக்குறியும் டாலர் குறியும் முன்னொட்டிய மறைகோப்பை உருவாக்கும். லிப்ரே ஆபிசும் தனக்குரிய பூட்டுக் கோப்பை உருவாக்குகின்றது. மென்பொருள் முறைப்படி மூடப்படும்போது இவை தாமே நீங்கும். மின்தடையாலோ செயலிழப்பாலோ மூடப்பட்டால் அவை எஞ்சி நிற்கும்.

எஞ்சிய பூட்டை நீக்குவது எளிது என்பதாலேயே அது ஆபத்தானதும் ஆகும். பூட்டில் பெயர் உள்ளவரிடம் நேரிலோ தொலைபேசியிலோ கேட்டு, அவர் கணினியில் அக்கோப்பு திறந்தில்லை என உறுதி செய்த பின்னரே அதை அழிக்க வேண்டும். அழித்த பின்னும் கோப்பு திறக்க மறுத்தால், பூட்டு கோப்பில் இல்லை, வழங்கியில் உள்ளது. அறுபட்ட இணைப்பு அறுபட்டதை வழங்கி உணரும் வரை, கோப்பு திறந்திருப்பதாகவே அது கருதும். விண்டோசு வழங்கியில் பகிரப்பட்ட கோப்புறைகளின் மேலாண்மைப் பகுதியில் திறந்துள்ள கோப்புகளின் பட்டியலைக் கண்டு, உரிய இணைப்பை மட்டும் மூடலாம். முழு வழங்கியையும் நிறுத்தித் தொடங்குவது மற்றவர்களின் சேமிக்காத வேலையைப் பலியிடுவதாகும். வழக்கத்தில் செய்யப்படுவது பெரும்பாலும் அதுவே.

நடுவண் கோப்பு

ரெவிட் போன்ற கட்டடத் தகவல் மாதிரி மென்பொருள்கள் இடைப்பட்ட ஒரு முறையைக் கையாளுகின்றன. வழங்கியில் ஒரு நடுவண் கோப்பு இருக்கும். ஒவ்வொருவரும் அதன் படியைத் தம் கணினியில் வைத்துப் பணியாற்றி, அவ்வப்போது நடுவண் கோப்புடன் ஒத்திசைப்பர். பூட்டு முழுக் கோப்பிற்கு அன்றி, தூண், சுவர் போன்ற தனித்தனி உறுப்புகளுக்கு இடப்படும். எனவே மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஒருவர் படிக்கட்டையும் மற்றவர் தூணையும் ஒரே நேரத்தில் மாற்றியிருக்கலாம்.

இதன் கோளாறுகள் மூன்று செயல்களால் விளைபவை. நடுவண் கோப்பையே நேரடியாகத் திறந்து வேலை செய்தல் முதலாவது. அதை வேறு கோப்புறைக்கு நகர்த்துதல் இரண்டாவது; படிகள் பழைய பாதையையே நினைவில் வைத்திருக்கும். மூன்றாவது, ஒருவர் மட்டும் புதிய பதிப்பு மென்பொருளில் திறந்து சேமித்தல். புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது. பின்னோக்கி மாற்றவும் வழியில்லை. பொதுவான ஒத்திசைவுக் கோப்புறையில் நடுவண் கோப்பை வைத்தலாகாது என்பதும் முன் பகுதியில் கூறிய காரணத்தாலேயே.

தமிழ்க் கோப்புப் பெயர்கள்

தமிழ்நாட்டு அலுவலகங்களில் வியப்பை விளைவிக்கும் கோளாறு ஒன்று உண்டு. ஒரே கோப்புறையில் "கோபுரம்" என்ற பெயரில், ஒரே நீட்சியுடன் இரு கோப்புகள் தோன்றும். எழுத்துக்கு எழுத்து பெயர் ஒன்றே.

கண்ணுக்கு ஒன்றாயினும் கணினிக்கு அவை வேறு. ஒருங்குறியில் ஓகார உயிர்மெய்க் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பும் காலும் ஆகிய இரு குறியீடுகளாகவும் எழுதலாம். ஒகர, ஔகாரக் குறிகளும் "ஔ" என்ற எழுத்தும் இவ்வாறே. இரண்டும் சமம் என ஒருங்குறி விதிக்கின்றது. ஆனால் விண்டோசின் கோப்பு முறைமை அவற்றைச் சமமாகக் கருதுவதில்லை. ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பு முறைமையோ பெயர்களைப் பிரித்தே சேமித்து வந்தது. இருவகைக் கணினிகளிடையே பெயர் போய்வரும்போது ஒரு கோப்பு இரண்டாகின்றது; இருவர் இரு வேறு "கோபுரங்களை" திருத்துகின்றனர். இதனின்றும் வேறானது, ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்பையும் "ள" எழுத்தையும் தட்டச்சிடும் வழக்கம். "கௌ", "கெள" என்பவை ஒருங்குறியின்படியும் வேறு வேறானவையே.

கோப்பின் உள்ளேயும் இத்தகைய இடர் உண்டு. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட தமிழ் உண்மையில் ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற எழுத்துக் குவியல் தோன்றும். கோப்பு சிதைந்துவிட்டதென எண்ணி எவரேனும் அதைத் திருத்திச் சேமித்தால், அப்போதுதான் அது உண்மையில் சிதைகின்றது. தமிழ்நாடு அரசு 2010 இல் ஒருங்குறியைத் தகுதரமாக ஏற்றது. எனினும் அதற்கு முந்தைய வரைபடங்களும் அழைப்பிதழ்களும் வன்தட்டுகளில் இன்னும் பயன்பாட்டில் உள்ளன. கோப்புப் பெயருக்கு மட்டுமேனும் எண்களையும் ஆங்கில எழுத்துகளையும் பயன்படுத்துவது இப்போதைக்குப் பாதுகாப்பானது. தமிழில் எழுதும் நாட்டம் உள்ளோர்க்கு இது கசப்பாகவே இருக்கும்.

மின்சாரமும் இணைப்பும்

பல அலுவலகங்களில் கணினிகளுக்கு யூ.பி.எசு. இருக்கும், அவற்றை இணைக்கும் நிலைமாற்றிக்கும் திசைவிக்கும் இராது. மின்சாரம் நிற்கும் நொடியில் கணினி இயங்கிக் கொண்டிருக்க, வழங்கியுடனான இணைப்பு மட்டும் அறுபடும். அந்நொடியில் ஒருவர் சேமித்துக் கொண்டிருந்தால் கோப்பு பாதியில் நிற்கும். திசைவியையும் நிலைமாற்றியையும் யூ.பி.எசு.இல் இணைப்பதற்கு ஆகும் செலவு சிறிது. பெரிய வரைபடங்களுக்குக் கம்பியில்லா இணைப்பைக் காட்டிலும் கம்பி இணைப்பே ஏற்றது.

கணினியின் கடிகாரமும் கவனிக்கத்தக்கது. தாய்ப்பலகையின் சிறு மின்கலம் தீர்ந்த கணினி, மின்தடைக்குப் பின் பல ஆண்டுகள் பழைய நாளைக் காட்டித் தொடங்கும். அதில் சேமித்த புதிய கோப்பு பழைய நாளிட்டதாக இருக்கும். நாளை மட்டும் ஒப்பிட்டுப் படியெடுக்கும் கருவிகளும், பென்டிரைவில் எடுத்துவந்து "புதியதை வைத்துக்கொள்" என முடிவு செய்யும் மனிதரும் ஒருங்கே ஏமாறுவர்.

கோளாற்றைக் கண்டறிதல்

எதையும் திருத்துவதற்கு முன் எல்லாக் கணினிகளிலும் உள்ள படிகளைத் தனித்தனிக் கோப்புறைகளில் எடுத்து வைக்க வேண்டும். ஒத்திசைவுச் சேவை இருப்பின் அதை முதலில் இடைநிறுத்த வேண்டும். இல்லையேல் எடுத்து வைக்கும் வேளையிலேயே அது மேலும் மேலெழுதக் கூடும்.

அடுத்து விடை காண வேண்டிய வினா: மூலப்படி எங்குள்ளது? வழங்கியிலா, ஒருவரின் கணினியிலா, இணையத்திலா என்பதற்கு அலுவலகத்தில் உள்ள ஒவ்வொருவரும் ஒரே விடையைக் கூற வேண்டும். விடைகள் வேறுபட்டால் கோளாறு அங்கேயே கண்டறியப்பட்டது. மென்பொருளை மீண்டும் நிறுவுவதாற் பயனில்லை. விடை ஒன்றே எனின், கோளாறு ஒருவருக்கா எல்லோருக்குமா, ஒரு கோப்பிலா எல்லாக் கோப்புகளிலுமா எனப் பிரித்தறிய வேண்டும். ஒருவருக்கு மட்டும் எனின் அவரது இணைப்பு, அணுக்க உரிமை, மென்பொருளின் பதிப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒரு கோப்பில் மட்டும் எனின் அதைத் தன் கணினிக்குப் படியெடுத்துத் திறந்து பார்க்க வேண்டும். அங்கு நன்கு திறந்தால் பழுது பூட்டிலோ பாதையிலோ உள்ளது. அங்கும் திறவாவிடில் கோப்பிலேயே உள்ளது. புதிதாக இட்ட கோப்பு அடுத்தவருக்குச் சில வினாடிகள் தெரியாதிருப்பது கோளாறு அன்று. விண்டோசு, வழங்கிக் கோப்புறையின் பட்டியலைச் சற்று நேரம் நினைவில் வைத்திருப்பதே காரணம்.

மீட்பு

கோப்பு உண்மையிலேயே சிதைந்திருப்பின், ஆட்டோகேட் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் முந்தைய நிலையைப் பி.ஏ.கே. நீட்சியுடன் வைத்திருப்பதை நாடலாம். நீட்சியை டி.டபிள்யூ.ஜி. என மாற்றினால் அது வரைபடமாகத் திறக்கும். செயலிழப்பின் போது தானியங்கிச் சேமிப்புக் கோப்பும் கணினியின் தற்காலிகக் கோப்புறையில் எஞ்சியிருக்கும். மென்பொருளை முறைப்படி மூடினால் அது நீங்கிவிடும் என்பதால் உடனே படியெடுக்க வேண்டும். இணையச் சேவைகளில் பழைய பதிப்புகளின் வரலாறு குறிப்பிட்ட காலம் வரை கிடைக்கும்.

மீட்ட இரு படிகளையும் அருகருகே திறந்து, வேறுபாடுகளைத் தாளில் குறித்து, யாருடைய திருத்தம் நிற்க வேண்டும் என்பதை வரைந்தவர் இருவரும் சேர்ந்தே முடிவு செய்தல் வேண்டும். அதுவரை களத்திற்கு அனுப்பிய அச்சுத்தாளைத் திரும்பப் பெற்று வைப்பது நல்லது. புதிய தாளில் திருத்த எண்ணும் நாளும் இட்டு அனுப்பினால், கொத்தனார் கையில் உள்ளது எந்தப் படி என்பதைத் தொலைபேசியிலேயே கேட்டறிய இயலும்.